வீட்டு ரவுட்டரில் கெர்னல் பதிப்பை உயர்த்துவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியிலும் தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கத்து வீடுகளிலும் ரவுட்டர்களுக்கு ஓப்பன் டபிள்யூஆர்டி என்ற திறந்த மூல ஃபர்ம்வேரை (கருவிக்குள் இருந்து அதை இயக்கும் மென்பொருளை) ஏற்றித் தருவதும் ஏற்றியவற்றைப் பராமரிப்பதும் சில ஆண்டுகளாக என் வேலையில் ஒரு பகுதி. வீட்டுக்காரர்களும் கடைக்காரர்களும் பொறியியல் படிக்கும் பிள்ளைகளும் கெர்னலைப் பற்றி ஒரே ஐயங்களைத் திரும்பத் திரும்பக் கேட்பதால், அவரவர் கேட்ட சொற்களிலேயே கேள்விகளை எழுதி விடைகளைத் தொகுத்திருக்கிறேன். முதல் ஆறு கேள்விகள் எல்லோருக்கும் உரியவை. அதன் பிறகு வருபவற்றில் பெரும்பாலானவை ஃபர்ம்வேரைத் தாமே கம்பைல் செய்ய (மூலநிரலிலிருந்து உருவாக்க) விரும்புகிறவர்களுக்கானவை.

1. ரவுட்டருக்குள்ள லினக்ஸ் இருக்குன்னு சொல்றீங்களே, அது கம்ப்யூட்டர்ல இருக்கிற அதே லினக்ஸா?

அதே கெர்னல்தான். வன்பொருளுக்கும் மற்ற நிரல்களுக்கும் இடையில் நின்று நினைவகம், ஈதர்நெட் போர்ட், வைஃபை சிப், ஃபிளாஷ் (மின்சாரம் போனாலும் அழியாத சேமிப்பகம்) ஆகியவற்றை ஆளும் அடிப்படை நிரலுக்குக் கெர்னல் என்று பெயர். கணினியில் அதற்கு இடம் தாராளமாக உண்டு. பல வீட்டு ரவுட்டர்களிலோ கெர்னலும் அமைப்புப் பக்கமும் (செட்டிங்ஸ்) இணையப் பெயர்களை முகவரிகளாக மாற்றும் டிஎன்எஸ் சேவையும் சேர்ந்து 8 அல்லது 16 மெகாபைட் ஃபிளாஷில் ஒடுங்கிக் கிடக்க வேண்டும்.

லிங்க்சிஸ் நிறுவனத்தின் டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டருக்குள் லினக்ஸ் இருப்பது தெரியவந்து, நிரலைத் தருவோர் அதன் மூலநிரலையும் தர வேண்டும் என்னும் ஜிபிஎல் உரிமத்தின்படி அதன் மூலநிரல் 2003இல் வெளியானது. அதை அடித்தளமாக வைத்து 2004இல் தொடங்கியதுதான் ஓப்பன் டபிள்யூஆர்டி. பெயரின் கடைசி மூன்று எழுத்துகளும் அந்த ரவுட்டரிலிருந்து வந்தவை.

2. கம்பெனி விடுற அப்டேட்டைப் போட்டா கெர்னலும் புதுசாயிடும்தானே?

பெரும்பாலும் ஆகாது. சிப் தயாரிப்பாளர் ஒரு குறிப்பிட்ட கெர்னல் பதிப்பில் தம் டிரைவர்களை, அதாவது தம் சிப்பை இயக்கும் நிரல்களை, சேர்த்து ஒரு தொகுப்பாகக் கொடுப்பார். ரவுட்டர் நிறுவனம் அதன் மேல் தன் அமைப்புப் பக்கத்தை வைத்து விற்கும். அந்த மாடல் சந்தையில் இருக்கும்வரை அடிக்கெர்னல் மாறாமலேயே இருப்பதுதான் வழக்கம். 2010இல் வந்த 2.6.36 கெர்னலைச் சுமந்தபடி அதற்குப் பல ஆண்டுகள் பிந்தி விற்பனைக்கு வந்த பெட்டிகள் உண்டு. நிறுவனத்தின் அப்டேட் பயனற்றது என்று நான் சொல்லவில்லை, அதிலும் பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். ஆனால் ஃபர்ம்வேரின் எண் உயர்ந்ததைப் பார்த்துக் கெர்னலின் எண்ணும் உயர்ந்துவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது.

3. நெட் நல்லாத்தான் ஓடுது. ஓடுறதை ஏன் நோண்டணும்?

நியாயமான கேள்வி. கெர்னல் திட்டத்தில் சில பதிப்புகளை மட்டும் நீண்டகாலப் பராமரிப்புக்கென்று தேர்ந்தெடுத்து, அவற்றுக்குச் சில ஆண்டுகள் திருத்தம் வெளியிடுகிறார்கள். 4.14 பதிப்புக்கு அந்தப் பராமரிப்பு 2024 ஜனவரியில் முடிந்தது, 5.4 பதிப்புக்கு 2025 டிசம்பரில் முடிந்தது. பராமரிப்பு முடிந்த பிறகு கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அந்தப் பதிப்பில் அடைக்க எவரும் கடமைப்பட்டவர் அல்லர். வீட்டைப் பூட்டிவிட்டுச் சென்னைக்கோ வெளிநாட்டுக்கோ போய்விட்டு, கண்காணிப்புக் கேமராவைப் பார்ப்பதற்காக மட்டும் ஆண்டு முழுவதும் ரவுட்டரை ஓடவிடும் வீடுகள் நம் பக்கத்தில் ஏராளம். ஆள் இல்லாத வீட்டில் இணையத்துக்கு முகம் காட்டிக்கொண்டு நிற்கும் பெட்டி அது.

எனினும் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். வீட்டு ரவுட்டருக்கு வரும் தாக்குதல்கள் பெரும்பாலும் கெர்னல் வழியாக வருவதில்லை. வெளியே திறந்துவிடப்பட்ட அமைப்புப் பக்கம், மாற்றப்படாத கடவுச்சொல், பழைய டிஎன்எஸ் நிரல் ஆகியவற்றின் வழியாகவே வருகின்றன. இந்த மூன்றையும் சரிசெய்யாமல் கெர்னலை மட்டும் உயர்த்துவதில் பெரிய பலன் இல்லை.

4. கெர்னல் புதுசானா வளவு தாண்டி அடுப்படி வரைக்கும் வைஃபை வருமா?

வராது. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் வீட்டில், சுண்ணாம்புச் சாந்து வைத்துக் கட்டிய கனத்த செங்கல் சுவர்களை எந்த மென்பொருளும் ஊடுருவாது. இரண்டாம் கட்டுக்கு ஒரு ஈதர்நெட் கேபிளை இழுத்து அங்கே இன்னோர் அணுகுமுனையை வைப்பதுதான் வழி. இதற்காக என்னைக் கூப்பிடுகிறவர்களிடம் கெர்னலைப் பற்றி நான் பேச்சே எடுப்பதில்லை.

5. என்னுடைய பழைய ரவுட்டரில் 6.6 கெர்னல் ஏறுமா?

பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் மாடல் எண்ணோடு வன்பொருள் பதிப்பு எண்ணும் இருக்கும், இரண்டையும் பாருங்கள். ஒரே மாடலின் இரண்டு வன்பொருள் பதிப்புகளுக்குள் வெவ்வேறு சிப் இருப்பது சாதாரணம். அடுத்து ஃபிளாஷ் அளவையும் நினைவக அளவையும் பாருங்கள். 4 மெகாபைட் ஃபிளாஷும் 32 மெகாபைட் நினைவகமும் உள்ள பெட்டிகளுக்குக் கதவு மூடியாகிவிட்டது. 8 மெகாபைட்டும் 64 மெகாபைட்டும் இருந்தால் நெருக்கியடித்து ஓடும். 16 மெகாபைட்டும் 128 மெகாபைட்டும் இருந்தால் கவலையில்லை. கெர்னல் ஒவ்வொரு பெரிய பதிப்பிலும் சிறிது பருத்துக்கொண்டே வருவதுதான் இதற்குக் காரணம்.

ஓப்பன் டபிள்யூஆர்டியின் 19.07 வெளியீடு 4.14 கெர்னலில் அமைந்தது. 21.02 வெளியீட்டில் 5.4, 22.03இல் 5.10, 23.05இல் 5.15, 24.10இல் 6.6 என்று கெர்னல் வளர்ந்து வந்திருக்கிறது. உங்கள் மாடலுக்கு 24.10 கோப்பு கிடைக்கிறது என்றால் 6.6 ஏறும் என்றே பொருள். நீங்கள் கம்பைல் செய்ய வேண்டிய தேவையே இல்லை.

6. ஃபைபர் கனெக்‌ஷன் கொடுத்தவங்க வச்சுட்டுப் போன பெட்டியிலேயே இதைப் போட்டுத் தர முடியுமா?

அதைத் தொடாதீர்கள். அந்தப் பெட்டி ஒளியிழையை முடித்துவைக்கும் கருவி. இணைப்பு நிறுவனத்தின் மறுமுனையோடு தன்னை அடையாளம் காட்டிப் பதிவு செய்துகொள்ளும் நிரல் அதற்குள் இருக்கிறது, பல நேரங்களில் பெட்டியே அவர்களுடைய உடைமை. அதை, இணைப்பை மட்டும் கடத்திவிடும் பிரிட்ஜ் முறைக்கு மாற்றித் தரச் சொல்லி, பின்னால் உங்கள் சொந்த ரவுட்டரை வைத்து அதில் பிபிபிஓஇ (இணைப்பில் உள்நுழையும் முறை) பயனர் பெயரைப் போட்டுக்கொள்வதே நேரான வழி.

7. லேப்டாப்பில் கெர்னலை மட்டும் தனியாக அப்டேட் செய்கிறோமே, ரவுட்டரில் ஏன் முழு ஃபர்ம்வேரையும் மாற்றச் சொல்கிறீர்கள்?

கணினியில் பழைய கெர்னலும் புதிய கெர்னலும் அடுத்தடுத்து இருக்க இடம் உண்டு. புதியது சரிவரவில்லை என்றால் பழையதைத் தேர்ந்தெடுத்துப் பூட் செய்துகொள்ளலாம். பெரும்பாலான ரவுட்டர்களில் கெர்னலுக்கு ஒரே ஒரு பகுதி, அதையொட்டி அழுத்திச் சுருக்கிய, எழுத முடியாத கோப்பமைப்பு, மிச்சமிருக்கும் இடத்தில் உங்கள் அமைப்புகளைத் தாங்கும் மேலடுக்கு என்று ஃபிளாஷ் பிரிக்கப்பட்டிருக்கிறது. மாட்யூல்கள் என்று தனிக் கோப்புகளாக இருக்கும் டிரைவர்கள் அந்த எழுத முடியாத பகுதியில் இருப்பதால் கெர்னலும் அவையும் சேர்ந்தே மாற வேண்டும்.

மாட்யூல்கள் எந்தக் கெர்னலோடும் ஒட்டிக்கொள்பவை அல்ல. கெர்னலின் பதிப்பு எண்ணையும் அது கம்பைல் ஆனபோது இருந்த அமைப்புத் தேர்வுகளையும் சேர்த்துக் கணக்கிட்ட ஓர் அடையாளக் குறி ஒவ்வொரு மாட்யூல் பொதியின் சார்புப் பட்டியலிலும் எழுதப்பட்டிருக்கும். நீங்கள் வீட்டில் கம்பைல் செய்த கெர்னலுக்கு அதிகாரப்பூர்வக் களஞ்சியத்திலிருந்து மாட்யூலை இறக்கினால், எண் ஒன்றாக இருந்தாலும் குறி பொருந்தாமல் நிறுவல் நின்றுவிடும். வலுக்கட்டாயமாக நிறுவும் வழியைச் சிலர் சொல்லிக் கொடுக்கிறார்கள். அது ரவுட்டரைத் திரும்பத் திரும்ப விழச் செய்யும் வழி. தேவையான மாட்யூல்களைக் கம்பைல் செய்யும்போதே சேர்த்துக்கொள்ளுங்கள்.

8. 6.6க்குள்ளேயே கடைசி எண் மாறுவதும் 5.15இலிருந்து 6.6க்குப் போவதும் ஒன்றுதானே?

இல்லை, இந்த வேறுபாடு புரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். 6.6க்குப் பின்னால் வரும் மூன்றாவது எண் உயர்வது திருத்தங்களுக்காக மட்டுமே. மூலநிரலில் பதிப்பு எண்ணையும் சரிபார்ப்புக் குறியையும் மாற்றி, பேட்சுகளை (மூலநிரலின் மேல் ஒட்டும் மாற்றக் கோப்புகளை) புதுப்பித்து, கம்பைல் செய்தால் பெரும்பாலும் முடிந்தது. பாதுகாப்புத்தான் நோக்கம் என்றால் உங்களுக்கு வேண்டியது இதுவே. இதையும் ஓப்பன் டபிள்யூஆர்டியினரே தம் திருத்த வெளியீடுகளில் செய்து தருகிறார்கள்.

5.15இலிருந்து 6.6க்குப் போவது வீடு மாறுவது போன்றது. கெர்னலின் உள்ளமைப்புச் செயல்கூறுகள் மாறாமல் இருக்கும் என்று கெர்னல் எழுதுவோர் எவருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை, கொடுக்க மறுப்பதும் வேண்டுமென்றே செய்யும் முடிவு. நெட்வொர்க் டிரைவர்கள் அழைக்கும் நெட்இஃப்_நாப்பி_ஆட் என்ற செயல்கூறிலிருந்து 6.1இல் ஓர் அளபுரு (உள்ளீட்டு மதிப்பு) நீக்கப்பட்டது. கிளாஸ்_கிரியேட் என்பதிலிருந்து 6.4இல் ஒன்று நீக்கப்பட்டது. பிரதான கெர்னலுக்குள் இருக்கும் டிரைவர்களை மாற்றம் செய்தவர்களே திருத்திவிடுவார்கள். வெளியே இருக்கும் டிரைவர்களைத் திருத்துவது உங்கள் தலையில் விழும்.

9. சரி, நானே 5.15இலிருந்து 6.6க்குக் கொண்டுபோகிறேன். எங்கிருந்து தொடங்குவது?

ஓப்பன் டபிள்யூஆர்டியில் கெர்னல் மூலநிரல் அப்படியே வெளியிலிருந்து இறங்குகிறது. அதன் மேல் ஒட்ட வேண்டிய பேட்சுகளே திட்டத்தின் சொத்து. எல்லாச் சிப்புக்கும் பொதுவான பேட்சுகள் மூன்று கோப்புறைகளில் இருக்கும்: பிந்திய கெர்னலிலிருந்து எடுத்துவந்தவை, பிரதான கெர்னலுக்கு அனுப்பத் தக்கவை, அங்கே ஒருநாளும் ஏற்கப்படாத ஒட்டுவேலைகள். இவை தவிர ஒவ்வொரு சிப் குடும்பத்துக்கும் தனியாக ஒரு பேட்ச் கோப்புறையும் ஒரு கெர்னல் அமைப்புக் கோப்பும் உண்டு. பொதுப் பேட்சுகளை 6.6க்குத் திட்டத்தினர் ஏற்கெனவே தயார் செய்திருப்பார்கள், எனவே உங்கள் வேலை சிப் குடும்பத்தோடு நிற்கும்.

முதலில் பழைய கோப்புறையையும் அமைப்புக் கோப்பையும் புதிய எண்ணுக்குப் பெயர் மாற்றி, பழையதன் படியையும் வைத்துக்கொள்ளுங்கள். கிட் கருவியில் பதிவான மாற்ற வரலாறு அறுந்துபோகாமல் இதைச் செய்வதற்கென்றே திட்டத்தில் ஒரு ஸ்கிரிப்ட் இருக்கிறது. கையால் நகலெடுத்தால் ஒவ்வொரு வரியும் ஏன் வந்தது என்ற தடயம் தொலைந்துவிடும். பிறகு 6.6ஐச் சோதனைக் கெர்னலாக மட்டும் அறிவியுங்கள், இயல்புக் கெர்னலாக 5.15 தொடரட்டும். அதன் பின் பேட்சுகளை ஒவ்வொன்றாக ஒட்டிப் புதுப்பித்து, அமைப்புக் கோப்பைப் புதிய பதிப்பின் கேள்விகளுக்கு விடையளித்துப் புதுப்பித்து, கடைசியில் கம்பைல் செய்ய வேண்டும்.

அமைப்புக் கேள்விகள் வரும்போது எல்லாவற்றுக்கும் ‘ஆம்’ சொல்லிக்கொண்டே போகும் பழக்கம் பிள்ளைகளிடம் இருக்கிறது. ஒவ்வோர் ‘ஆம்’ என்பதற்கும் ஃபிளாஷில் இடம் போகும். ஐந்தாவது விடையில் சொன்ன 8 மெகாபைட் பெட்டியில் அது உடனே தெரிந்துவிடும்.

10. ஒரு பேட்ச் ஒட்டாமல் நின்றுவிட்டது. அதை நீக்கிவிட்டுப் போகலாமா?

காரணம் தெரியாமல் நீக்கக் கூடாது. மூன்று காரணங்கள் இருக்கலாம். அந்த மாற்றம் பிரதான கெர்னலுக்குள்ளேயே சேர்ந்துவிட்டிருக்கலாம். அப்படியானால் பேட்சை மகிழ்ச்சியோடு நீக்கலாம். சுற்றியுள்ள வரிகள் மட்டும் நகர்ந்திருக்கலாம். அப்போது கையால் பொருத்திப் புதுப்பித்தால் போதும். அல்லது அந்தச் செயல்கூறே மாற்றி எழுதப்பட்டிருக்கலாம். அப்போது பேட்சின் நோக்கத்தைப் புரிந்துகொண்டு புதிதாக எழுத வேண்டியிருக்கும்.

நின்றுபோன பேட்சைவிட, நிற்காமல் தவறாக ஒட்டிக்கொண்ட பேட்சைக் கண்டுதான் நான் அஞ்சுகிறேன். ஒட்டும் கருவி சுற்றுவரிகள் சற்று வேறுபட்டாலும் ஒப்புக்கொண்டு, ஒரே மாதிரி தோன்றும் வேறொரு செயல்கூறில் வரிகளைச் செருகிவிடும். பிரதான கெர்னலில் ஏற்கெனவே சேர்ந்துவிட்ட வரிகளை இரண்டாம் முறையும் செருகும். இரண்டும் கம்பைல் ஆகும், இரண்டும் பிழைச் செய்தி தராது. புதுப்பித்த பேட்சைப் பழைய பேட்சோடு வரிக்கு வரி ஒப்பிடுவதற்கு ஒரு மாலைப் பொழுதை ஒதுக்குங்கள்.

11. கம்பைல் ஆனது, ஏற்றினேன், விளக்கு மட்டும் எரிகிறது, வேறு அசைவே இல்லை. என்ன செய்வது?

ஏற்றுவதற்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. சோதனைக் கெர்னலை ஃபிளாஷில் எழுதக் கூடாது. கெர்னலை எழுப்பிவிடும் நிரலான பூட்லோடரில் நின்று, டிஎஃப்டிபி என்ற கோப்புப் பரிமாற்ற முறை வழியாக நினைவகத்தில் மட்டும் இறங்கி ஓடும் இனிட்ராம்எஃப்எஸ் கோப்பை முதலில் பூட் செய்து பாருங்கள். மின்சாரத்தை நிறுத்திப் போட்டால் பழைய ஃபர்ம்வேர் அப்படியே இருக்கும். இதற்குப் பெட்டியைத் திறந்து சீரியல் கேபிள் இணைக்க வேண்டியிருக்கும்: 3.3 வோல்ட் யுஎஸ்பி மாற்றியை வாங்கி, கிரவுண்டையும் டிஎக்ஸையும் ஆர்எக்ஸையும் மட்டும் இணைத்து, மின்சாரக் கம்பியை விட்டுவிடுங்கள். பெரும்பாலான பெட்டிகளில் வேகம் 115200. 5 வோல்ட் மாற்றியை இணைத்தால் சிப் கருகக்கூடும்.

சீரியலில் வரும் கடைசி வரிதான் நோயைச் சொல்லும். கெர்னலைத் தொடங்குகிறேன் என்று பூட்லோடர் சொன்னபின் மௌனம் என்றால், கெர்னல் கோப்பு பூட்லோடர் விரித்தெடுக்கும் அளவைத் தாண்டியிருக்கலாம், அல்லது டிவைஸ் ட்ரீயில் (பெட்டியின் வன்பொருளை விவரிக்கும் கோப்பில்) சீரியல் போர்ட்டின் விவரமே தவறாக இருக்கலாம். கெர்னல் பேசிக்கொண்டே வந்து, மூலக் கோப்பமைப்பை ஏற்ற முடியவில்லை என்று விழுந்தால், ஃபிளாஷின் பகுதிப் பிரிவினையைப் பாருங்கள். கெர்னலுக்கு நிலையான அளவில் பகுதி ஒதுக்கிய பெட்டிகளில், புதிய கெர்னல் அந்த அளவை மீறுவது மிகச் சாதாரணமாக நேர்வது.

ஃபெயில்சேஃப் முறை இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். அது கெர்னல் முழுமையாக எழுந்த பிறகு மேலடுக்கைத் தவிர்த்துவிட்டுத் தொடங்கும் முறை. கெர்னலே எழாதபோது அது உதவாது.

12. பூட் ஆகிடுச்சு அண்ணே, ஆனா பழைய செட்டிங்ஸ் எதுவும் வேலை செய்யலை. கெர்னல் தப்பா?

கெர்னல் சரிதான், அதோடு பேசும் முறை மாறியிருக்கிறது. 21.02 வெளியீட்டிலிருந்து பல சிப் குடும்பங்களில் ஸ்விட்ச் போர்ட்டுகளை ஆளும் பழைய ஏற்பாடு போய் டிஎஸ்ஏ என்ற ஏற்பாடு வந்தது. அதில் ஒவ்வொரு போர்ட்டும் லேன்1, லேன்2 என்று தனித்தனி இடைமுகமாகத் தெரியும். 22.03இல் ஃபயர்வால் ஐபிடேபிள்ஸிலிருந்து என்எஃப்டேபிள்ஸுக்கு மாறியதால், கையால் எழுதிவைத்த பழைய விதிகள் செயலிழந்தன. 6.6 கெர்னலுக்கு வந்தபோது ஜிபிஐஓ (விளக்கு, பொத்தான் போன்றவற்றை இணைக்கும் சிப் முனைகளின்) எண்கள் 512க்கு மேல் தொடங்குமாறு நகர்ந்தன. எண்ணைச் சொல்லி விளக்கையோ ரிலேயையோ இயக்கிய ஸ்கிரிப்டுகள் உள்ளவர்கள் அதைத் திருத்த வேண்டும்.

இத்தனை படிகளை ஒரேயடியாகத் தாண்டும்போது பழைய அமைப்புகளைச் சுமந்து செல்லாதீர்கள். அவற்றை எழுதிவைத்துக்கொண்டு, வெறுமையாக ஏற்றி, மீண்டும் கையால் பதியுங்கள். அரை மணி நேர வேலைதான்.

13. கெர்னல் மாற்றிய பிறகு வைஃபை பலவீனமாகிவிட்டது, மேக் முகவரியும் மாறிவிட்டது. ஏன்?

ஒவ்வொரு பெட்டிக்கும் தொழிற்சாலையில் அளந்து எழுதிய ரேடியோ அளவுத்திருத்தத் தரவும் மேக் முகவரியும் (வலையமைப்பில் அதை அடையாளம் காட்டும் எண்) ஃபிளாஷில் ஒரு சிறு பகுதியில் இருக்கும். சில பெட்டிகளில் அதன் பெயர் ஆர்ட், சிலவற்றில் ஃபேக்டரி. புதிய கெர்னல்களில் டிவைஸ் ட்ரீ வழியாக இந்தத் தரவைச் சுட்டும் முறை மாறியிருப்பதால், சுட்டுமிடம் ஒரு எழுத்துப் பிசகினாலும் டிரைவர் அதைக் காணாமல் தற்செயலான முகவரியோடு எழும். அப்படியானால் டிவைஸ் ட்ரீயைத் திருத்தினால் சரியாகிவிடும்.

அந்தப் பகுதியே அழிந்துபோயிருந்தால் மீட்பு இல்லை. தொடக்க காலத்தில் நான் ஒரு பெட்டியின் ஃபிளாஷ் முழுவதையும் அழித்து எழுதி, அந்தப் பகுதியையும் சேர்த்துத் துடைத்துவிட்டேன். அதே மாடலின் இன்னொரு பெட்டியிலிருந்து நகலெடுத்து வைத்ததில் வைஃபை எழுந்தது, ஆனால் பழைய வீச்சு திரும்பவில்லை. ஒரு பெட்டியின் அளவு இன்னொன்றுக்குப் பொருந்தாது. அந்தப் பெட்டி இப்போது வெறும் ஸ்விட்ச்சாக என் மேசையில் கிடக்கிறது. அன்றிலிருந்து எந்தப் பெட்டி வந்தாலும் முதல் வேலையாக எல்லாப் பகுதிகளையும் நகலெடுத்து, மாடல் பெயரும் தேதியும் இட்டு இரண்டு இடங்களில் வைத்துவிடுகிறேன்.

14. கம்பெனி ஃபர்ம்வேரில் கிடைத்த வேகம் புதிய கெர்னலில் கிடைக்கவில்லையே?

நிறுவனத்தின் ஃபர்ம்வேரில் பொட்டலங்களை மைய செயலியைத் தொடாமல் சிப்பின் தனிச் சுற்று வழியாகவே கடத்தும் தனியுரிமை நிரல் இருந்திருக்கும். புதிய கெர்னலில் ஃப்ளோ ஆஃப்லோட் என்ற தேர்வு உண்டு. மென்பொருள் முறை எல்லாச் சிப்பிலும் ஓரளவு உதவும், வன்பொருள் முறை எம்டி7621 போன்ற சில சிப்புகளில் மட்டும் இயங்கும். இணைப்பு 100 மெகாபிட் திட்டம் என்றால் இந்த வேறுபாட்டை நீங்கள் உணரவே மாட்டீர்கள்.

15. நான் பினாங்குல இருக்கேன். ஊர் வீட்டு ரவுட்டரை இங்கேயிருந்தே மாத்திடலாமா?

23.05இலிருந்து 24.10 போன்ற அதிகாரப்பூர்வ வெளியீட்டுக்குப் போவது என்றாலே நான் தயங்குவேன். சொந்தமாகக் கம்பைல் செய்த கெர்னல் என்றால் கூடவே கூடாது. ஃபிளாஷில் எழுதும் ஓரிரு நிமிடங்களில் மின்சாரம் போனால் பெட்டி எழாது, ஐப்பசி மழைக் காலத்தில் அது எப்போது போகும் என்று யாரும் சொல்ல முடியாது. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெரியவரிடம் தொலைபேசியில் சீரியல் கேபிள் மாட்டச் சொல்லவும் முடியாது. இரண்டு ஃபர்ம்வேர் பகுதிகள் உள்ள சில மாடல்களில், புதியது எழாவிட்டால் பழையதற்குத் திரும்பும் வசதி உண்டு; அப்படிப்பட்ட பெட்டியாக இருந்து, யுபிஎஸ்ஸும் இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

இல்லையென்றால் ஊருக்கு வரும்போது செய்யுங்கள். அதையும் படைப்புக்கோ (முன்னோர் வழிபாடு) கல்யாணத்துக்கோ முந்தைய நாள் வைத்துக்கொள்ள வேண்டாம். வீடு நிறைய விருந்தினர் இருக்கும்போது இணையம் நின்றால் பழி எனக்குத்தான் வருகிறது.

16. பிடிக்காவிட்டால் பழைய கெர்னலுக்குத் திரும்பலாமா?

திரும்பலாம், பழைய ஃபர்ம்வேர் கோப்பை அமைப்புகளைச் சுமக்காமல் ஏற்றினால் போதும். பன்னிரண்டாவது விடையில் சொன்ன மாற்றங்கள் எதிர்த்திசையிலும் பொருந்தும்: புதிய அமைப்புக் கோப்பு பழைய கெர்னலுக்குப் புரியாது. ஃபிளாஷ் பிரிவினையே மாறிய மாடல்களில் ஏற்றும் கருவி பொருத்தமின்மை என்று எச்சரித்து நின்றுவிடும். அந்த எச்சரிக்கையை வலுக்கட்டாயமாகத் தாண்டும் முன் அந்த மாடலுக்கான குறிப்பை முழுதும் படியுங்கள்.

17. கம்பெனியோட வைஃபை டிரைவரை எடுத்துப் புதிய கெர்னலில் போட்டுக்கொள்ள முடியாதா? ஜிபிஎல் என்றால் தந்துதானே ஆக வேண்டும்?

கெர்னல் ஜிபிஎல் இரண்டாம் பதிப்பு உரிமத்தில் இருப்பதால், பெட்டியை விற்ற நிறுவனம் அதிலுள்ள கெர்னலின் மூலநிரலை உடன் தர வேண்டும், அல்லது குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும் எழுத்துமூல உறுதியைத் தர வேண்டும். ஆனால் வைஃபை டிரைவரைப் பலர் ஏற்கெனவே கம்பைல் ஆன மாட்யூலாக மட்டும் வைத்திருக்கிறார்கள். அந்த மாட்யூல் அவர்களுடைய பழைய கெர்னலுக்கென்றே ஆனது. எட்டாவது விடையில் சொன்ன காரணத்தால் 6.6இல் அது ஏறாது, மூலநிரல் இல்லாமல் திருத்தவும் முடியாது.

இதோடு வைஃபை சிப்புக்குள் இறங்கி ஓடும் ஃபர்ம்வேர் கோப்பைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஏடிஎச்10கே போன்ற டிரைவர்களுக்கு அப்படி ஒரு மூடிய கோப்பு தேவைப்படுகிறது, எனினும் அது சிப்பின் சொந்தச் செயலியில் ஓடுவதால் கெர்னல் பதிப்பு மாறினாலும் தொடர்ந்து பயன்படும். புதிதாக ரவுட்டர் வாங்குகிறவர்கள், வைஃபை டிரைவர் பிரதான கெர்னலுக்குள் இருக்கிறதா என்பதை விலையைப் பார்ப்பதற்கு முன்னால் பாருங்கள். ஏடிஎச்9கே, ஏடிஎச்10கே, எம்டி76 ஆகிய டிரைவர்களில் இயங்கும் சிப்புகள் என்றால் மேலே உள்ள பெரும்பாலான கேள்விகள் உங்களுக்கு எழாது.